காணாததைச் சொல்லாத வேட்டைக்காரர்

தொண்ணூறுகளில் லண்டனில் ஓர் ஆய்வு நிலையத்தில் எனக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. உறைந்த கடலைப் பற்றி வடதுருவத்து இனுயிட் மக்கள் அறிந்ததையெல்லாம் ஆவணப்படுத்தக் கிளம்பியிருந்தார் எங்கள் பேராசிரியர். அந்தக் கடலை அவர் நேரில் பார்த்தது இரண்டு கோடை விடுமுறைகளில். அதாவது, அது உருகிக் கிடந்தபோது.

ஒருமுறை ஓர் இனுயிட் வேட்டைக்காரரை லண்டனுக்கே வரவழைத்தார்கள். அவருடைய ஊருக்கு எதிரே உள்ள நீரிணை உறைந்துவிட்டால் அதுதான் அவர்களுக்குத் தெரு. அதை உடைத்துக்கொண்டு சரக்குக் கப்பல் விடலாமா என்று எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அதைத் தடுக்கவே மனிதர் விமானம் ஏறியிருந்தார். மொழிபெயர்க்க மருமகளும் கூட வந்திருந்தாள்.

"பத்து வருடத்தில் பனி எவ்வளவு மெலியும்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"தெரியாது."

"பக்கத்து விரிகுடாவில் எப்படி?"

"நான் அங்கே போனதில்லை. போனவர்களைக் கேளுங்கள்."

தன் கண்ணால் காணாததைச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பேராசிரியர் பெருமூச்சு விட்டு, 'தகவல் இல்லை' என்று தட்டச்சு செய்யச் சொன்னார். எங்கள் தமிழ் ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். மனோர் பார்க் கோயில் அன்னதான வரிசையில், ஐஸைக் குளிர்பெட்டிக்குள் மட்டுமே கண்டவர்கள்கூட வடதுருவத்தைப் பற்றி அரை மணி நேரம் விளாசியிருப்பார்கள்.

வீட்டில் அண்ணையிடம் பொருமினேன். "கண்டதை மட்டும் சொல்லுற மனுசனை ஒண்டும் தெரியாதவர் எண்டு எழுதச் சொல்லுறாங்கள், அண்ணை."

அண்ணை சிரித்தார். "என்ர அகதி விசாரணையில எல்லாத்துக்கும் 'நீ கண்ணால கண்டனியோ' எண்டுதானே கேட்டவங்கள்? அந்தாளை எனக்குப் பதிலா அனுப்பியிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் தேநீர் கொடுக்கிற சாக்கில், "அவர் கண்டதைக் கேட்டுப் பாருங்களேன்" என்றேன் பேராசிரியரிடம். ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது. "நீரிணையில் கப்பல் போய் நீங்கள் கண்டதுண்டா?" என்று கேட்டார்.

வேட்டைக்காரர் தன் மொழியில் மெதுவாகச் சொன்னார். மருமகள் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஒருமுறை கப்பல் போனது. அது உடைத்த இடத்தில் மெல்லிய புதுப்பனி மூடிக்கொண்டது. பார்வைக்குக் கெட்டியாகவே இருந்தது. எனக்கு முன்னால் நாய்வண்டியில் போனான்..."

அவர் 'என் மகன்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் 'என் கணவர்' என்றாள்.

கப்பல் வேண்டாம் என்று எழுதப் பேராசிரியருக்கு அதற்குமேல் தகவல் தேவைப்படவில்லை.