இடுப்பில் நின்ற கை

எங்கள் நடனக் குழு ஏரியூர்ப் பள்ளியில் ஆட்டம் சொல்லித்தரப் போனபோது, மாணவிகளோடு சேர்ந்து ஆட ஊர் மாதர் சங்கத்துப் பெண்களையும் அழைத்திருந்தோம். அவர்களில் ஒருவர் கேழ்வரகுக் காட்டிலிருந்து நேராக வருவார். முழங்கால் வரை புழுதி, தலையில் கனகாம்பரம். பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கால்கள் அத்தனை லேசாக ஆடும். ஆனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கும் இடத்தில், அவருடைய இடது கை மட்டும் இடுப்பை விட்டு வராது.

“அந்தக் கையையும் தூக்குங்கக்கா” என்றேன்.

“தூக்குனா புள்ள வுழுந்துடுமேங்க.”

சொன்ன பிறகுதான் தன் இடுப்பைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய கடைசி மகளே எதிர் வரிசையில் பள்ளிச் சீருடையில் நின்றிருந்தாள்.

“எல்லார் கையும் ஒரே மாதிரி எழணும். வரலேன்னா அவங்கள உட்கார வெச்சிடுங்க” என்று எங்கள் குழுத் தலைவி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எதிர் வரிசையில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆண்டுவிழா மேடையில் கை தூக்கும் அந்த இடம் வந்தது. அந்த அக்கா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். மாணவிகள் அத்தனை பேரும் இடது கையை இடுப்பில் வளைத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் தன் இடது கையை மெல்ல இடுப்புக்கு இறக்கிக்கொண்டார்.

அந்த ஆட்டத்தை இன்றும் அப்படியேதான் சொல்லித்தருகிறேன். கை ஏன் இடுப்பில் என்று கேட்கும் பிள்ளைகளிடம், தூக்கினால் குழந்தை விழுந்துவிடும் என்கிறேன்.