ஒன்பது மணிக்கு முன் சாப்பிடாத ஊர்

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருக்கும் ஒரு தம்பதி வலென்சியாவுக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வெஸ்ட்லி வீட்டுக்கு வந்தார்கள். என் மகள் அந்த ஊரில்தான் பல வருடங்களாக வேலை செய்கிறாள். நானும் மனைவியும் ஒருமுறை போய் ஒரு கிழமை நின்றிருக்கிறோம். அதனால் என்னிடம் விசாரிக்க வந்தார்கள். சுற்றுலாக்காரரைப்போல அலையாமல், அந்த ஊர்ச் சனத்தைப்போல இருந்துவிட்டு வர வேண்டுமாம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மத்தியான வெயிலுக்குள் நடக்காதீர்கள், கடைகளும் பூட்டியிருக்கும், படுத்து எழும்புங்கள். பெரிய தட்டைச் சட்டியில் செய்யும் அந்த ஊர்ச் சோறு மத்தியானச் சாப்பாடு. இரவில் கேட்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். அடிப்பிடித்த சோற்றை விடாதீர்கள், அவர்கள் அதற்குத்தான் போட்டி போடுவார்கள். சந்தையில் வரிசை என்று ஒன்று இருக்காது. கடைசியாக வந்தவர் யார் என்று கேட்டு, அவர் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். லிப்டில் ஏறினால் தெரியாதவருக்கும் வணக்கம் சொல்லுங்கள். இங்கே மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒன்பது மணிக்கு முன் இரவுச் சாப்பாட்டை நினைக்காதீர்கள். வெயில் தாழ்ந்ததும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு சதுக்கத்துக்குப் போய் வாங்குப் பலகையில் இருங்கள். ஒன்றும் செய்யத் தேவையில்லை.

சாய்நாற்காலியில் இருந்த மனைவி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தம்பி, உதெல்லாம் மகள் சொன்னது. இவர் அங்கை போயும் அந்தக் கிழமை முழுக்க வெஸ்ட்லியிலைதான் இருந்தவர்.”

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது உண்மை.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த நான் ஒஸ்லோவுக்கு வந்து தபால் பிரிக்கும் வேலை செய்தேன். விடிய முன்னம் முதல் ரயில். அதனால் பின்னேரம் ஆறு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்குப் படுக்கை. ஓய்வூதியம் எடுத்த பிறகும் அதை நான் மாற்றவில்லை. வலென்சியாவுக்குப் போனபோது பெட்டிக்குள் ரைஸ் குக்கரையும் யாழ்ப்பாணக் கறித்தூளையும் வைத்தது நான். மகள் வீட்டு அடுப்படியில் ஒவ்வொரு பின்னேரமும் மனைவி எனக்குச் சோறும் கறியும் சமைத்தாள். வெளியே சனம் அப்போதுதான் இறங்கி நடக்கத் தொடங்கும்.

“அப்பா, ஒரு நாளைக்கு எண்டாலும் அம்மாவைச் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்,” என்று மகள் கேட்டாள். மனைவி அதற்கென்று ஒரு புதுச் சேலையும் கொண்டுவந்திருந்தாள். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். எல்லா நாளும் அதையே சொன்னேன். எனக்குக் களைப்பு இருக்கவில்லை. மகள் எனக்கு நேரம் சொல்லித் தருவதா என்ற வீம்புதான். சேலை மடிப்புக் குலையாமல் திரும்பி வந்தது.

அடுத்த வருடம் மனைவியின் சிறுநீரகங்கள் பழுதாகின. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். இருதயமும் பலவீனம், விமானப் பயணம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அந்தத் தம்பதி போய் வந்து, ஒரு பின்னேரம் படங்கள் காட்ட வந்தார்கள். மகள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்திலும் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். மனைவி கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

“இந்த வாங்கிலையோ இருந்தனீங்கள்? இதிலை விசிறியோடை ஒரு கிழவி வந்து இருப்பா. பக்கத்திலை ஒருத்தரையும் இருக்க விடமாட்டா. அவவின்ரை மனுசன் பிந்தித்தான் வருவார்.”

“ஓம் அக்கா, எங்களையும் எழுப்பிவிட்டவ,” என்றாள் வந்தவள். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“சமைக்கேக்கை குசினி யன்னலாலை பாக்கிறனான்.”

அந்த யன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. நான் முன்னறையில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவன்.

அவர்கள் போனபோது ஆறு மணி. சோற்றைச் சூடாக்கட்டுமா என்று கேட்டேன்.

“இண்டைக்குக் கொஞ்சம் பிந்திச் சாப்பிடுவம்,” என்றாள்.

ஓம் என்றேன். அவளுடைய நாற்காலியை பல்கனிக் கதவடிக்கு நகர்த்தி, பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு இருந்தேன். கீழே பேருந்துகள் வந்து திரும்பின. கோடைகாலம், ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. எனக்கு உண்மையாகவே களைப்பாக இருந்தது. சொல்லவில்லை.