ஏழு மார்க் கேள்வியும் குப்பனூர் பஸ்ஸும்

என் மகள் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம், நானும் அவளோடு சேர்ந்து பத்தாவது படிப்பதாக எங்கள் மலைமேல் ஒண்டிக்கடை பஜாரில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடையில், தராசுக்குப் பக்கத்தில் அறிவியல் கைடை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் சும்மா விடுவார்கள்?

தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அவள் கடைக்கு வந்து, என் முன்னால் கண்ணை மூடி நின்று ஒப்பிக்க வேண்டும். நான் கைடில் வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே போவேன். "மேலும்" என்று இருக்கும் இடத்தில் "மற்றும்" என்று சொன்னாலும் விட மாட்டேன். "மொதல்ல இருந்து" என்பேன். நடுவில் யாராவது கால் கிலோ மிளகு கேட்டு, அவள் தடுமாறிப்போனாலும் மொதல்ல இருந்துதான்.

ஏன் அவ்வளவு கறார் என்றால், எனக்கு வேறு வழி தெரியாது. நான் பத்தாவதில் கோட்டை விட்டவன். அந்தப் பாடம் என்ன சொல்கிறது என்பது எனக்குப் புரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு என்ன உதவி செய்ய முடியுமோ அதைச் செய்தேன். அரையாண்டுத் தேர்வில் அவள் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, கடைக்கு வந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் "எல்லாம் நம்ம கோச்சிங்தானுங்க" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் வீடு குப்பனூர் சாலையில், கடையிலிருந்து பத்து நிமிட பஸ் தூரம். சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் குப்பனூர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். நான் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் போவேன். திருப்புதல் தேர்வுக்கு முந்தின நாள், அவள் வீடு சேர வேண்டிய நேரம் தாண்டி முக்கால் மணி ஆனபோது மனைவி போன் செய்தாள்.

"ஏனுங்க, பாப்பா கடையிலயா இருக்குது? இன்னும் ஊட்டுக்கு வரலீங்க."

பள்ளிக்கு ஓடினேன், கேட் பூட்டியிருந்தது. அவளோடு படிக்கும் பிள்ளையின் வீட்டில் கேட்டதற்கு, பஸ் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஏறிய பிள்ளை இறங்கவில்லை என்றால் எங்கே போயிருக்கும்? நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் கண்டக்டரின் போன் வந்தது. நம் கடையில் காப்பித்தூள் வாங்குகிறவர்.

"பாய், பாப்பா குப்பனூர்ல இருக்குது. பயப்படாதீங்க. நம்ம டீக்கடை அக்காகிட்ட உக்கார வெச்சிருக்கேன். உங்க ஸ்டாப்புல எறங்கலையா கண்ணுன்னு கேட்டேன், கையக் காட்டி இருங்கன்னுச்சு. கீழ சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போவுதாட்டம் இருக்குதுன்னு வுட்டுட்டேன். இங்க வந்தும் எறங்க மாட்டேன்னுச்சுங்க, நாந்தான் கையப் புடிச்சு எறக்கி வுட்டேன்."

குப்பனூர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அத்தனை வளைவுகளையும் எப்படி இறங்கினேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. கீழே வந்ததும் வெக்கை அடித்தது. ஸ்வெட்டருக்குள் வேர்த்து ஊற்ற, டீக்கடை பெஞ்சைப் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் டீக்கடைக்கார அம்மா வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"கண்ணு" என்றேன். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினாள். என்னிடமே.

அவள் முடிக்கும் வரை நின்றேன். கண்ணைத் திறந்து, "அத்தா" என்றாள், தூங்கி எழுந்தவள் மாதிரி.

"ஏஞ்சாமி, நம்ம ஸ்டாப்புல எறங்கல?"

"ஏழு மார்க் கேள்வி, அத்தா. பாதியில எறங்குனா மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லணுமில்ல? முடிச்சுட்டு எறங்கலாம்னு இருந்தேன். ஆனா ஒவ்வொரு வளைவுலயும் பஸ் திரும்புறப்ப ஒரு வார்த்தை தப்பிடுச்சு."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாக, ஒரு நியாயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். பெஞ்சில் அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மலை ஏறும்போது, பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று கேட்டேன். நீராவிப்போக்கு என்றாள். "அப்படின்னா என்ன கண்ணு? புஸ்தகத்துல இருக்கறத வுடு. நீயா சொல்லு" என்றேன். ரெண்டு வளைவு தாண்டியதும் கைடின் முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். சாலையின் ரெண்டு பக்கமும் காப்பிச் செடிதான். இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகிறது என்பதுதான் அந்தப் பாடம் என்பது எனக்கே பிற்பாடு கைடைப் பொறுமையாகப் படித்தபோதுதான் தெரிந்தது. நாற்பது தடவையாவது அதை அவள் வாயால் கேட்டிருப்பேன்.

வீட்டில் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமா சொல்லிட்டிருக்கறனுங்க. சாப்புடும்போது கூப்புட்டா தட்ட வெச்சுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. குளிக்கப் போனா வெளிய வர மாட்டேங்குது. நீங்க கடையில பெருமை பேசிட்டிருந்தீங்க."

சொன்னாள்தான். பரீட்சை நேரம், அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடைக்கு வந்து, என் முன்னால் கண்ணை மூடி நின்றாள். நான் கைடை எடுக்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு. இனிமே ஒப்பிக்கவே வேண்டாம். நீ படிச்சிருப்பே, போய் எழுது" என்றேன்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"நீங்க கேக்கலைன்னா எனக்குத் தெரியுமா தெரியாதான்னு எப்படி அத்தா தெரியும்?" என்றாள்.

பதினைந்து வயதுப் பிள்ளை. பாடம் தன் தலைக்குள் இருக்கிறதா இல்லையா என்பதை, பத்தாவதில் தோற்ற என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று நின்றாள். பள்ளி மணி அடித்தது. அவள் போகவில்லை.