இரண்டு சட்டிச் சால்மன்

கிழமை முழுக்க மீன் வெட்டுகிறவனை ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிடக் கூப்பிடுவது கொடுமை. ஆனால் கூப்பிட்டது அண்ணை. அண்ணை கூப்பிட்டால் போகாமல் இருக்கும் பழக்கம் எனக்கில்லை.

டூட்டிங்கில் இருப்பது அண்ணையின் மீன் கடை. நான் லண்டனுக்கு வந்த அடுத்த கிழமையே அதற்குள் போய் நின்றவன். முன்னால் ஐஸ் கொட்டிய மேசை, பின்னால் குளிர் அறைக் கதவு, ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் கல்லாவில் அண்ணை. நடுவில் ஒரு ஆள் திரும்பி நிற்குமளவு இடம் இருக்கிறது. அதுதான் என் இடம். வெளியே போவதென்றால் அண்ணை கதிரையை விட்டு எழும்பி வழிவிட வேண்டும். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "என்னடா, எங்க போறாய்?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நான் கழிப்பறைக்குப் போவதைக்கூடப் பிந்திப் போட்டிருக்கிறேன்.

அண்ணைதான் என்னை இந்த நாட்டுக்கு எடுத்தவர். எங்கள் ஆட்களிடம் 'எடுத்தவர்' என்றால் அதற்குமேல் பேச்சில்லை. எனக்கு விசா எடுத்தவர், வீடு பார்த்தவர், கலியாணம் பேசியவர், குளிருக்கு முதல் ஜக்கெட் வாங்கித் தந்தவர் எல்லாம் அவரே. இத்தனையும் செய்துவிட்டு ஒருநாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் நான் கோபித்துக்கொண்டாவது போயிருப்பேன். அவர் சொல்லிக் காட்டவே இல்லை. அதுதான் பெரிய சங்கடம். நான் போனால் இந்த வயதில் அவர் தனியாக மீன் வெட்ட வேண்டிவருமே என்பது இன்னொன்று.

மிட்சம் என்ற இடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ட்ராம் போகும். குசினி யன்னலால் ஓட்டுநரின் முகம் தெரியும். சூடான கண்ணாடி அறைக்குள் உலர்ந்த கையோடு உட்கார்ந்து போவார். என் கை விரல்கள் மாரியில் வெடித்து, கோடையிலும் ஆறாமல் கிடக்கும். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் மீன் வெடுக்குப் போகாது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அடுத்த தரிப்பில் இறங்குவதுபோல எழும்பி, பிறகு வேறு இடத்தில் போய் உட்காருவார்கள். ஒருநாள் மனைவி சொன்னாள், "அந்த ட்ராம் வேலைக்குப் போட்டுப் பாருங்கோவன்." போட்டேன். நேர்முகத்துக்கும் மருத்துவச் சோதனைக்கும் அண்ணையிடம் பல்லு டொக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். கடைசியில் அவர், "உனக்கு இன்னும் பல்லு மிச்சம் இருக்கோடா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அண்ணை கனடாவிலிருந்து திரும்பி வந்தார்.

வருஷத்தில் ஒரு தடவை அவர் வான்கூவர் பக்கம் இருக்கும் எங்கள் மச்சானிடம் போய் சால்மன் பிடிப்பார். மீன்கடைக்காரன் விடுமுறைக்கு மீன் பிடிக்கப் போவதா என்று அண்ணி பகிடி பண்ணுவார். இந்த முறை உடுப்புப் பெட்டியைவிடப் பெரிய பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவந்திருந்தார். கடையில் அதைத் திறந்து இரண்டு துண்டுகளைப் பலகையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று நாம் வழமையாக விற்கும் செம்மஞ்சளைவிட ஆழமான சிவப்பு. மற்றது பாரை மீன் மாதிரி வெள்ளை.

"ரெண்டும் ஒரே சாதி மீன்தான் தெரியுமோ?" என்றார். "ஒரே கடல், ஒரே இரை. ஒண்டு தின்னுற இறாலின்ர சிவப்பு அதின்ர சதையில ஊறுது. மற்றதுக்கு ஊறாது. பிறப்பு அப்பிடி."

"வெளியில பாத்தால் தெரியாதோ?"

"தெரியாது. ரெண்டுக்கும் வாய்க்குள்ள அதே கறுத்த முரசு, அதே வெள்ளித் தோல், முதுகில அதே புள்ளி. தூண்டிலில கொழுவினால் ரெண்டும் ஒரே மாதிரித்தான் கையைப் பிய்க்கும். வெட்டினால்தான் தெரியும். முந்தி வெள்ளை வந்தால் விக்கேலாதெண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்பாங்களாம். இப்ப பெரிய ரெஸ்டோரண்டுகளில அதுக்குத்தான் மவுசு."

சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. தொலைபேசியில் ஒரு படமும் காட்டினார். படகில் கம்பளித் தொப்பியோடு நிற்கிறார்; அவரது கை நீளத்துக்கு ஒரு மீன்; வாய் காதுவரைக்கும் சிரிக்கிறது. அப்படியொரு சிரிப்பைக் கடையில் நான் கண்டதில்லை. என் மனம் முழுக்கத் திங்கட்கிழமையில் இருந்ததால் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு அக்கா இறால் கேட்டு வந்தார்.

சனிக்கிழமை அண்ணை அந்த வெள்ளைத் துண்டை, விற்பதற்கல்ல, காட்டுவதற்கென்று ஐஸில் வைத்தார். எங்கள் சனம் சால்மன் வாங்குவது பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். தங்களுக்குப் பாரையும் விளைமீனும் நண்டும். இங்கே பிறந்ததுகளுக்கு முள்ளில்லாத சால்மன். அதிலும் சிவப்பு குறைந்தால் முகம் சுருங்கும். வெள்ளையைக் கண்டால் சும்மா விடுவார்களா? ஒருவர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். இன்னொருவர், "இது நோய் வருத்தம் வந்த மீன்போல," என்றார். சேர்ச்சுக்குப் போய்விட்டு வந்த ஒரு அம்மா என்னிடம் இரகசியமாக, "தம்பி, இது ரத்தமில்லாத மீனடா, பிள்ளைக்குக் குடுக்கேலாது. அண்ணையை ஆரோ ஏமாத்திப் போட்டாங்கள்," என்றார்.

அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீயும் மனிசியும் வீட்டுக்கு வாங்கோ. ரெண்டையும் சமைச்சு, கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பாப்பம்," என்றார்.

சமைப்பதென்றால் எப்படி? உப்பும் எலுமிச்சையும் போட்டு ஓவனில் வைத்திருந்தால் ஏதாவது வித்தியாசம் தெரிந்திருக்கும். எங்கள் வீடுகளில் விருந்துக்கு மீனென்றால் அது கறிதான். ஞாயிறு காலை நான் துண்டு போட்டுக் கொடுத்தேன். சிவப்பில் மிஞ்சியிருந்தது கொழுப்பான வயிற்றுப் பக்கம், வெள்ளையில் வால் பக்கம். அண்ணி இரண்டு சட்டி வைத்து, இரண்டிலும் ஒரே அளவு பழப்புளி, வெந்தயம், தேங்காய்ப்பால் விட்டு, யாழ்ப்பாணத் தூளை அள்ளிக் கொட்டினார். கொதித்து இறக்கியபோது இரண்டும் ஒரே சிவப்பு. கனடாவிலிருந்து கடல் தாண்டி நிறம் பார்க்கக் கொண்டுவந்த மீனை இப்படித் தூளுக்குள் புதைக்க எங்களால்தான் ஏலும். ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமையை நினைத்தவுடன் அதுவும் நின்றுபோனது.

வரும் வழியில் மனைவி, "இண்டைக்குச் சொல்லுவியளோ?" என்று கேட்டிருந்தாள்.

"சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுறன்."

"நீங்கள் சொல்ல மாட்டியள்," என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது.

சாப்பாட்டு மேசையில் அண்ணை, அண்ணி, வேலைக்குப் போகும் அவர்களுடைய மகள், நாங்கள் இரண்டு பேர். மகள் தன் ஸ்கார்ஃபால் தகப்பனின் கண்ணைக் கட்டினாள். ஒரு சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து, சோற்றோடு குழைத்துத் தீத்தினாள். அண்ணை மெதுவாக மென்றார். முகத்தில் ஒரு பக்தி.

"வெள்ளை," என்றார். "இதில சந்தேகமே இல்லை. பட்டர் மாதிரிக் கரையுது பார். இதைத்தான் நான் சொன்னனான்."

அது சிவப்பு. வயிற்றுப் பக்கத்துத் துண்டு, கரையாமல் என்ன செய்யும்? என் கையால் வெட்டிய துண்டு எனக்குத் தெரியாதா?

"அம்மா, இஸ் ஹீ ரைட்?" என்று மகள் கேட்டாள். அண்ணி விழித்தார். இரண்டு சட்டியையும் அடுப்பில் மாறி மாறி வைத்ததில் அவருக்கே குழம்பிவிட்டது. மகள் என் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, நீங்கதானே கட் பண்ணினது? டெல் அஸ்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணை கட்டிய கண்ணோடு, ஒரு பிள்ளை பரீட்சை மறுமொழிக்குக் காத்திருப்பதுபோல, முகத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். இல்லை அண்ணை, அது சிவப்பு என்று சொல்ல நாலு சொல் போதும். ஒரு மீன் துண்டு விஷயம். அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

"ஓம் அண்ணை. வெள்ளைதான்," என்றேன்.

அண்ணை ஸ்கார்ஃபை இழுத்தெறிந்துவிட்டுக் கைதட்டினார். அதே சந்தோஷத்தில், "அப்ப இதையும் கேளுங்கோ," என்றார். "கிழக்கு லண்டனில, செவன் கிங்ஸில ஒரு கடை பாத்து வைச்சிருக்கிறன். நல்ல இடம், எங்கட சனம் நிறைய. தம்பிக்குத்தான். அவன்ர பேரிலயே எடுக்கிறம். வெள்ளை, சிவப்பு எல்லாம் போட்டு அவன் நடத்தட்டும்."

மகள் சிரித்தபடி என் தோளில் தட்டினாள். அண்ணி கண்ணைத் துடைத்தார். எல்லோரும் எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ குளிர் அறைக் கதவை யாரோ வெளியால் பூட்டியதுபோல இருந்தது. இன்னொரு ஐஸ் மேசை, இன்னொரு கல்லா. அதுவும் என் பெயரில். இனி சாகும்வரை மீன்தான் என்று நினைத்தேன்.

"அது சிவப்பு."

சொன்னது என் மனைவி. தண்ணீர்க் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு அண்ணையை நேராகப் பார்த்தாள். "நீங்கள் சாப்பிட்டது சிவப்பு அண்ணை. வயித்துத் துண்டு எந்தச் சட்டியில விழுந்ததெண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டனான்; வெள்ளை மற்றச் சட்டியில கிடக்கு. இவருக்கும் அது தெரியும்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"இவருக்கு ட்ராம் ஓடுற வேலை கிடைச்சிருக்கு. நாளைக்கு மறுமொழி சொல்லோணும். இவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார். மீனைப் பற்றியே சொல்லேலாத மனுசன், இதை எப்பிடிச் சொல்லுவார்?"

அவளை அந்த நேரம் நான் வெறுத்தேன். காலில் விழவும் வேண்டும்போலிருந்தது. இரண்டும் உண்மை.

அண்ணை சோற்றுக் கோப்பையில் கிடந்த மிச்ச மீனை முள் பார்த்துத் தின்று முடித்தார். கை கழுவினார். பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். அண்ணி என்னைப் பார்த்து, "போ," என்று வாயசைத்தார். போனேன்.

வேலியோரம் நின்றார். நன்றி கெட்டவன் என்று சொல்லுவார், சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்ல வேலையோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அப்ப நாளைக்கு ஓமெண்டு சொல்லு."

"செவன் கிங்ஸ் கடை?"

"ஆருக்கு வேணும் அது?" என்றார். கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். நானும் அப்படித்தான் செய்வேன். அவரும் செய்வாரென்று அன்றுவரை தெரியாது. "எனக்கு மீன் பிடிக்கத்தான்டா விருப்பம். விக்கிறது ஒருக்காலும் பிடிக்கேல்லை. மச்சான் எத்தினை வருஷமாக் கூப்பிடுறான், வந்திரு, சேர்ந்து ஒரு படகு எடுப்பம் எண்டு. உன்னை நடுவில விட்டிட்டுப் போக ஏலுமோ? நீ பாவம், கடையை விட்டால் வேற ஒண்டும் தெரியாதவன். உனக்கெண்டு ஒரு கடையைப் போட்டுத் தந்திட்டுக் கழண்டிடலாம் எண்டு பாத்தன்."

எனக்கு அழுகை வரவில்லை. நல்ல கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கல்லாவில் அவரும் பலகையில் நானுமாக, ஒருவரையொருவர் விட்டுவிட்டுப் போகப் பயந்து, எத்தனை மாரியை அந்த ஈரத்துக்குள் போக்கியிருக்கிறோம்! அண்ணைக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இந்த வயதில் அவர் இனிப் போய் எந்தக் கடலில் எத்தனை காலம் படகு ஓடப்போகிறார்?

"இதை ஏன் அண்ணை எனக்கு முதலே சொல்லேல்லை?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நீ பாவமெண்டுதான்," என்றார்.

"நானும் நீங்கள் பாவமெண்டுதான் அண்ணை நிண்டனான்," என்றேன்.