உள்பக்கம் ஒட்டிய புள்ளிகள்

பறவை டீச்சரின் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். அன்றாட வாழ்க்கையில் அவர் வழியில் நடப்பது எப்படி என்று எழுத வேண்டுமாம். மற்றவர்கள் மரம் நடு, தண்ணீரை வீணாக்காதே என்று எழுதித் தள்ளியிருப்பார்கள். நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குத் தெரிந்தது கண்ணாடி. அதனால் என் கடையில் கண்ணாடி துடைத்த ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். போன மாதம் அவன் செத்துப்போனான். இதில் நானும் வருவேன். என்னை விட்டுவிட்டு இந்த ஊரில் கண்ணாடியைப் பற்றி எழுத முடியாது.

ஆளுயரக் கண்ணாடியை முதுகில் கட்டித் தெருத்தெருவாகச் சுமந்தவன் நான். இன்று ஏரிக்கு எதிரில் ஐந்து மாடி. கீழ்த்தளம் கல் சுவர். அதற்கு மேலே முகப்பு முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி. சாலையில் நின்று பார்த்தால் ஏரியும் மேகமும் மரமும் அப்படியே என் சுவரில் தெரியும். "கடவுள் போட்டது ஒரு ஏரி, நான் போட்டது ஒரு ஏரி" என்பேன். இதற்குச் சிரிக்காத எவனும் என்னிடம் வேலை பார்த்ததில்லை.

கடவுள் போட்ட ஏரி மிஞ்சியது டீச்சரால்தான். மண் கொட்ட வந்த லாரிகளுக்கு முன்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு, பதினோரு நாள் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த பொம்பளை அவர். லாரிக்காரர்கள்தான் களைத்துப் போனார்கள்.

இனி நம் ஆள். அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர் வைத்தது நான்தான். அவ்வளவு தடிமனான மூக்குக் கண்ணாடி. பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் சுவர் என்பான். ஆனால் வேலையில் சுத்தம். அழுக்கை விரல் நுனியால் தேடிப் பிடிப்பான். மாடிகளின் உள்பக்கம் துடைப்பது அவன். வெளிப்பக்கத்துக்குத் தொட்டில் கட்டித் தொங்குகிற ஆட்கள் வேறு.

ஒருமுறை டீச்சர் வீட்டில் ஜன்னல் கண்ணாடி மாட்ட அவனை அனுப்பினேன். மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு குருவி வந்து மோதி விழுந்தது. "நீ மாட்டினது ஜன்னல் இல்லப்பா, சுருக்குக் கயிறு" என்றாராம் டீச்சர். பிறகு அவனையே விட்டு, நான்கு விரல் இடைவெளியில் உள்பக்கமாக வெள்ளைப் புள்ளிகளை ஒட்டச் சொன்னார். அதற்குப் பிறகு அங்கே ஒரு குருவிகூட மோதவில்லை. மயங்கி விழுந்த பறவையை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், ஒரு மணி நேரம் வைக்க வேண்டும், வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து என் கடை திறப்பதற்கு முன்னால், செருப்புப் பெட்டியோடு சுவரோரமாகக் குனிந்தபடி நடப்பான். உயிர் இருந்தால் பெட்டி. இல்லாவிட்டால் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு.

டீச்சர் போய்ச் சேர்ந்த முதல் வருட நினைவு நாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் அறைக்கு வந்தான்.

"ஐயா, இன்னிக்கு மட்டும் ஒன்பது."

"என்னய்யா ஒன்பது?"

"செத்த குருவிங்க. பெட்டியில வச்சது ரெண்டு. அதுல ஒண்ணு பறந்துடுச்சு."

"பறந்ததுக்கு என் வாழ்த்தைச் சொல்லு. இப்ப என்ன வேணும்?"

"டீச்சர் வீட்டுல ஒட்டின மாதிரி இங்கயும் புள்ளி ஒட்டிக்கறேன்யா. கடை நேரத்துல இல்ல. என் நேரத்துல."

"என் முகப்புக்கு அம்மை போட்டுவிடப் பாக்கறியா?"

கண்ணாடி அறுக்கிறவன் பக்கத்தில் நின்றான். அவன் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"சரி, ஒட்டு. ஆனா உள்பக்கம் மட்டும். நினைவு நாளுக்குள்ள சாவு பாதியா குறைஞ்சா, புள்ளி காலத்துக்கும் இருக்கட்டும். குறையலன்னா நீயே எடுத்துடணும். அப்புறம் குருவின்னு வாயத் தொறக்கக் கூடாது."

கைகூப்பிவிட்டுப் போனான்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய பூச்சு உண்டு. வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது அதுதான். பகலில், உள்ளே என்ன ஒட்டினாலும் வெளியே தெரியாது. பறவைக்குத் தெரிவது வானம் மட்டும். டீச்சர் வீட்டில் இருந்தது சாதாரணக் கண்ணாடி. துடைக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கீழே நின்று சரிபார்க்க அவனுக்குக் கண்ணும் கிடையாது. எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் கடை முழுக்கத் தெரியும். எவனும் அவனிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் ஒட்டினான். கடை மூடிய பிறகு ஒரு மணி நேரம் ஒட்டினான். ஒவ்வொரு புள்ளிக்கும் விரல் வைத்து அளந்தான். "புட்டி, உன் கையெழுத்து நல்லா இருக்குன்னு கொக்கு சொல்லிச்சு" என்பான் அறுக்கிறவன். அவனும் சிரிப்பான். காலையில் கோடுகள் குறையவில்லை. இடைவெளியை மூன்று விரலாக்கினான். அப்போதும் குறையவில்லை. என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டினான்.

"என் விரல் தடிமன்யா. டீச்சர் விரல் மெலிசு. அதான் அளவு தப்புது."

"இருக்கும், இருக்கும். ரெண்டு விரல் வச்சுப் பாரு" என்றேன். அவன் கதவைச் சாத்திய பிறகு இருமல் வரும்வரை சிரித்தேன். முதல் மாடியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தான்.

நினைவு நாள் கூட்டத்துக்குக் கீழ்த்தள மண்டபத்தைக் கொடுத்தது நான். பேசியதும் நான்தான். "டீச்சர் வழியில பல்லாயிரம் புள்ளி ஒட்டியிருக்கோம்" என்றேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் சோடாபுட்டியின் முகம் மலர்ந்திருந்தது. புருஷன் வேலையைப் பார்க்க அவன் பெண்சாதி அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தாள். தேநீர் கொடுக்கும்போது அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஏங்க, எந்த மாடியில ஒட்டினீங்க?"

"எல்லா மாடியிலயும்தான்."

"ரோட்டுல நின்னு பார்த்தேனே. மேகம்தான் தெரியுது. ஒரு புள்ளிகூடக் காணோம்."

"என் கண்ணுதான் அவிஞ்சதுன்னா உன் கண்ணுமா?"

அறுக்கிறவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே சோடாபுட்டிக்கு விளங்கிவிட்டது. நேராக என்னிடம் வந்தான்.

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"நாப்பது வருஷமா கண்ணாடியில பொழைக்கறவன்யா. தெரியாம இருக்குமா?"

"நானூத்திப் பதினாறுங்கய்யா. ரெண்டு மாசத்துல."

"நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்றாள் அவள்.

"உன் புருஷனுக்குக் கண்ணு தெரியலன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? பேச்சுன்னா பேச்சு. நாளைக்கே சுரண்ட ஆரம்பி."

"தண்ணியில ஊறவச்சு மெதுவா எடுக்கறேன்யா. ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? பிளேடு போடு. ஒரு வாரத்துல முடியணும்."

"பிளேடாய்யா? உள்பக்கத்துல பிளேடு படக் கூடாதுன்னு நீங்கதானே..."

"எனக்கே பாடம் சொல்றியா? பிளேடுன்னா பிளேடு!"

நாலு பேர் முன்னால் ஒருத்தி என்னைக் கேள்வி கேட்டுவிட்ட ஆத்திரம். என் தொழில் அறிவு முழுவதையும் அந்த ஆத்திரம் தின்றுவிட்டது. அவன் சொன்னபடி செய்தான். ஏழாம் நாள் சாலையில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியோடும் பூச்சு உரிந்து வந்திருந்தது. என் ஏரியிலும் என் மேகத்திலும் பல்லாயிரம் கறுப்புப் புள்ளிகள், இரண்டு விரலுக்கு ஒன்று, வரிசை தப்பாமல். அவன் படியிறங்கி வருவதற்குள் வேலையை விட்டுத் தூக்கினேன். "நீங்க சொன்னதைத்தானேய்யா செஞ்சேன்" என்று மட்டும் சொன்னான். நான் எதைப் பார்த்துக் கத்துகிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த நிறச் சாயலில் கண்ணாடி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் முகப்பு அப்படியே நின்றுவிட்டது. சுவரோரம் கூட்டுகிற வாட்ச்மேன் முதல் வாரம் செத்த குருவி மூன்று என்றான். அடுத்த வாரம் ஒன்று. பிறகு பல வாரம் ஒன்றுமே இல்லை. கடையில் யாரும் இதைப் பேசக் கூடாது என்றேன். பேசவில்லை. உங்கள் வீட்டில் பெரிய கண்ணாடி இருந்தால் புள்ளியை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். இரண்டு விரல் இடைவெளி போதும். நான் சொன்னால் சரியாக இருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் கண் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். நான் நர்ஸை அதட்டிய குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தான். பெண்சாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயாவா? நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன. ராஜா மாதிரி இருக்கேன்."

என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப எத்தனைய்யா விழுது?"

"அதேதான். ஒண்ணும் குறையல" என்றேன்.

தலையாட்டினான். "டீச்சர் இருந்திருந்தா, எங்க தப்பு பண்ணேன்னு அவங்ககிட்ட கேட்டிருப்பேன்யா."

அதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன்.