பவுடர் கம்மி

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் தர ஆய்வு அதிகாரியாக இருக்கும் ஆதிகேசவன், நாற்பத்தெட்டாம் வயதில் வேலூருக்கு வெளியே இருக்கும் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தார். உடம்பைக் குறைக்க ஏதாவது விளையாடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விசாரித்துப் பார்த்ததில், படுத்துக்கொண்டே விளையாடக்கூடியது இது ஒன்றுதான் என்று தெரிந்தது.

அங்கே சுடுவது பாயிண்ட் டூ டூ தோட்டா. சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. அதன் பின்விளிம்பில் துப்பாக்கியின் ஊசி தட்டினால் உள்ளே இருக்கும் ஒரு சிட்டிகை வெடிமருந்து எரிந்து ஈயக் குண்டைத் தள்ளும். ஆதிகேசவன் சுட்ட குண்டுகள் மட்டும் குறி அட்டையின் கறுப்பு வட்டத்தைத் தொடாமல் கீழேயே போய்க்கொண்டிருந்தன. ஒரே மாதத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பவுடர் கம்மி பாஷா. அதான் குண்டு கீழ எறங்குது" என்றார், கூடவே சேர்ந்த வாணியம்பாடி தோல் வியாபாரி மஹபூப் பாஷாவிடம்.

"அதே டப்பாலதான தோஸ்த் நானும் எடுத்தேன்?"

"உனுக்கு நல்லது வந்துச்சு."

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோ வீடியோவாகப் பார்த்தார். உருண்டை ரக மருந்து, செதில் ரக மருந்து, சீக்கிரம் எரிவது, நிதானமாக எரிவது என்று மனைவி தேவகிக்கு விளக்கினார். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

பிறகு நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கிக் கிளப்புக்கே கொண்டுவந்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்து, 'ஜாஸ்தி', 'கம்மி' என்று இரண்டு குவியலாகப் பிரித்தார். பயிற்சியாளர் மோகனா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

"சார், மொத்த எடையில மருந்து ரொம்பக் கொஞ்சம். ஈயமும் பித்தளக் கூடும் ஒரு துளி கூடக்கொறைய இருந்தாலே உங்க கணக்கு போச்சு."

"இருவது வருஷமா குவாலிட்டியில இருக்கேன் மேடம்" என்றார் ஆதிகேசவன்.

அது உண்மைதான். கம்பெனியில் தையல் கோணினால் 'நூல் சரியில்ல சார்' என்று யாரும் அவரிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. "நூல் மேல பழி போடாத, கையப் பாரு" என்பார்.

'ஜாஸ்தி' குவியலும் வட்டத்துக்குக் கீழேயே போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மோகனா ஒரு யோசனை சொன்னார்.

"இன்னிக்கு நான் லோடு பண்றேன் சார். நீங்க குறி மட்டும் பாருங்க."

முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது முறை விசையை அழுத்தியதும் 'டிக்' என்றது. ஆதிகேசவன் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா? இதுல பவுடரே இல்ல! நான் இன்னா சொன்னேன்?"

"இல்லதான் சார். நான் வெத்துக் கூடுதான் போட்டேன். வெடிக்கவே இல்லியே, அப்புறம் துப்பாக்கிக் கொழாய் ஏன் தரையப் பாத்துச்சு?"

பாஷா பின்னால் நின்று செல்போனில் படம் பிடித்திருந்தார். அதில் ஆதிகேசவன் விசையைத் தொடும்போதே, ஊசி போட வரும் நர்ஸைக் கண்டவர் போல் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். துப்பாக்கி முனை தலை கவிழ்ந்தது. ஆதிகேசவன் அந்தப் படத்தை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரம் வரமாட்டார் என்று பாஷா சொன்னார். ஆனால் ஆதிகேசவன் எல்லோருக்கும் முன்னாலேயே வந்திருந்தார். வெற்றுக் கூட்டைப் போட்டுக் கண்ணைத் திறந்தபடி 'டிக், டிக்' என்று அழுத்திக்கொண்டே கிடந்தார். பொங்கலுக்குள் குண்டுகள் ஏறி வட்டத்துக்குள் விழத் தொடங்கின. ஒருநாள் நடு வட்டத்திலேயே ஒன்று விழுந்தபோது அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய் தேவகியிடம் காட்டினார். அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

இப்போது கிளப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வகுப்பு எடுப்பது அவர்தான். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நெறைய பேரு பவுடர் மேல பழி போடுவாங்க. பாவம், விஷயம் தெரியாதவங்க. கோளாறு கண்ணுல இருக்கு. நானே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சேன்."

மோகனா சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.