நுரைக்காத பால்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோப்பிக் கடை நடத்துகிறேன். புதிதாக வாங்கிய மெஷினில் பாலுக்கு நீராவி கொடுத்தால் மெல்லிய நுரை எழ வேண்டும். எனக்கோ சவர்க்காரக் குமிழிபோலப் பெரிதாக எழும்பி, உடனே அடங்கிவிடும். நீராவிக் குழாயைக் கழுவினேன், குவளையை மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பால் மீதே சந்தேகம் விழுந்தது.

கிண்ணியாவிலிருந்து பால் கொண்டுவரும் ரசீனாவிடம், "தண்ணி ஏதும் சேர்க்கிறனீங்களோ?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் முகம் இறுகியது. ஆனால் போகவில்லை. "எனக்கு முன்னால நுரைச்சுக் காட்டுங்கோ அக்கா. நானும் பார்க்கத்தானே வேணும்," என்றாள்.

அவளுடைய ஐஸ் பெட்டியில் இருந்த போத்தலிலிருந்தே ஊற்றி நீராவி கொடுத்தேன். நுரை பட்டுப்போல எழும்பி நின்றது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

"நேற்றும் இதே மாட்டுப் பால்தான்," என்றாள்.

"ஓம். பிறகு ஏன்?"

யோசித்தபடியே மிச்சப் பாலைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன்.

"அதை என்னத்துக்குக் காய்ச்சுறீங்கள்?"

"பால் வந்தால் காய்ச்சித்தானே..." என் கை அப்படியே நின்றது. தினமும் நான் மெஷினில் வைத்தது, காய்ச்சி ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்த பால். நேற்றுக் காய்ச்சியதில் கொஞ்சம் எடுத்து நுரைத்துப் பார்த்தோம். அதே பெரிய குமிழிகள்.

ரசீனா அடுப்பை அணைத்தாள். "இப்ப ஒரு கோப்பி தாங்கோ," என்றாள்.

குழாய், குவளை, ரசீனா என்று எல்லாவற்றையும் சந்தேகித்தேன். என் பழக்கத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. தினமும் என் கண்முன்னே பொங்கிக்கொண்டிருந்தது அதுதான்.